மெஷ் போடுவதற்கு முன்

எஃகு ஷாஃப்ட்டைச் செம்புக் காயிலுக்குள் நிறுத்தி, சில நொடிகளில் அதன் மேல்தோலை மட்டும் பழுக்கக் காய்ச்சி, உடனே தண்ணீர் பீய்ச்சிக் கடினமாக்குவதுதான் இண்டக்‌ஷன் ஹார்டனிங். அதைக் கம்ப்யூட்டரில் நடத்திப் பார்ப்பது என் பிழைப்பு. காம்சோலோ ஆன்சிஸோ, மாக்ஸ்வெல் சமன்பாடுகளை சாஃப்ட்வேர் தீர்த்துக் கொடுத்துவிடும். ஷாஃப்ட்டைச் சிறு சிறு கூறுகளாகப் பிரிக்கும் மெஷ் எந்த இடத்தில் எவ்வளவு நுணுக்கமாக இருக்க வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். அதனால் நான் முதலில் எடுப்பது கால்குலேட்டரைத்தான்.

மாறுமின்னோட்டம் உலோகத்தின் மேற்பரப்பை ஒட்டியே ஓடும். ஊடுருவு ஆழம் என்கிற தொலைவுக்குள் அது 37 சதவீதமாகத் தேய்ந்துவிடும். பிறக்கும் சூட்டில் 86 சதவீதம் அதற்குள்ளேயே அடங்கும். 10 கிலோஹெர்ட்ஸில், குளிர்ந்த எஃகின் சார்பு காந்த உட்புகுதிறனை 100 என்று வைத்தால், அந்த ஆழம் கால் மில்லிமீட்டர்கூட இல்லை. 770 டிகிரி செல்சியஸை ஒட்டிய கியூரி வெப்பநிலையைத் தாண்டியதும் எஃகின் காந்தத்தன்மை போய், உட்புகுதிறன் 1க்கு விழுகிறது. மின்தடையும் அதற்குள் பல மடங்கு ஏறியிருக்கும். அதே ஷாஃப்ட், அதே அலைவெண். ஆழம் மட்டும் 5 மில்லிமீட்டர்!

ஆக, சூடான எஃகுக்குப் போதுமான மெஷ் முதல் நொடிக்கு உதவாது. குளிர்ந்த நிலையின் ஊடுருவு ஆழத்துக்குள் இரண்டு மூன்று அடுக்காவது இருக்க வேண்டும். ஷாஃப்ட்டின் நடுவிலும் அப்படிப் போடுவது வீண். மேற்பரப்பில் மெல்லியதாகத் தொடங்கி, உள்ளே போகப் போகத் தடிக்க விடுவேன். ஆட்டோ மெஷ் பட்டனைத் தட்டி, வரும் வண்ணப்படத்தை அப்படியே ரிப்போர்ட்டில் ஒட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான். படம் எப்போதும் அழகாகத்தான் வரும்.

நேரமும் இரண்டு விதம். அலையின் ஒரு சுற்று 0.1 மில்லிநொடி, சூடேறுவதோ நொடிக்கணக்கில். சுற்றுச் சுற்றாகப் பின்தொடர்ந்தால் கணக்கு முடியாது. காந்தப்புலத்தை அலைவெண் கணக்காகத் தீர்த்து, அந்தச் சூட்டை வெப்பக் கணக்குக்குக் கொடுத்து, பொருளின் குணங்களைத் திருத்திக்கொண்டு திரும்பி வர வேண்டும். கியூரி புள்ளியை நெருங்கும்போது நேர இடைவெளியைச் சுருக்கிவிடுவேன்.

கடினமாக்கிய ஷாஃப்ட்டை அறுத்து, மெருகிட்டு, நைட்டால் என்கிற அமிலக் கரைசலைத் தடவினால் கடின அடுக்கு தனியாகத் தெரியும். என் கணக்கு அதோடு ஒத்துவராமல், மெஷ்ஷைப் பாதியாக்கியும் விடை அசையாவிட்டால், சந்தேகம் உட்புகுதிறன் மேல் திரும்பும். காயிலுக்கு எதிரே புலம் அத்தனை வலுவானது. எஃகு தெவிட்டிப்போய், கையேட்டில் அச்சிட்ட உச்ச மதிப்பில் சிறு பங்குதான் மிஞ்சும். கையேட்டு எண்ணையே போட்டால், தொடக்கச் சூடு முழுவதும் காகிதக் கனத்தில் குவிவதாகக் கணக்கு காட்டும்.