வாத்தியார் வீட்டு மரப்பெட்டி

கரூரில் அந்த வீட்டுக்குள் காலை வைத்ததும் மூக்கில் ஏறியது புளி வாசனை. கூடத்தில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் முப்பது நாற்பது செப்புக் காசுகளைக் காயப் போட்டிருந்தார்கள். கார்த்திகைக்கு விளக்கி வைத்த குத்துவிளக்கு மாதிரி எல்லாம் பளபளத்தன.

"பாசி புடிச்ச மாதிரி கெடந்துச்சுங்க. நீங்க வர்றதுக்குள்ள சுத்தமா இருக்கட்டும்னு மாப்பிள்ளைதான் புளி போட்டு வெளக்கி வெச்சாரு" என்றார் வீட்டம்மா. கணவர் போய் நாற்பத்தைந்து நாள்தான் ஆகியிருந்தது.

என்னோடு வந்த பெரியவர் பதில் சொல்லவில்லை. குனிந்து ஒரு சதுரக் காசை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார். திரும்ப அதே இடத்தில் வைத்தார். "மிச்சம் இருக்கறத யாரும் தொட வேணாம்மா" என்று மட்டும் சொன்னார். கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

காசு சேர்த்தவர் இறந்துபோனால், அவர் விட்டுப்போன பெட்டியைப் பிரித்து, எடை போட்டு, எழுத்துப் படித்து, பட்டியல் எழுதிக் கொடுப்பது இந்தப் பெரியவரின் தொழில். அவருக்குச் சொந்த ஊர் கும்பகோணம். சிறு வயதில் பாத்திரப் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவர். கிராமங்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பழைய செம்பு, பித்தளையைத் தரம் பிரிக்கும் வேலை. அந்த மூட்டைகளின் அடியில் காசுகள் கிடக்கும். பிள்ளைகள் வீட்டை ஒழித்தபோது கிலோ கணக்கில் போட்டவை. ஓட்டை அண்டாவோடு அவையும் மூசைக்குள் போய் உருகின. "நாயக்கர் காசு, சோழர் காசு எல்லாம் குடமாப் போயிருக்கு சார். நானே அள்ளிப் போட்டிருக்கேன்" என்று வரும் வழியில் பேருந்தில் சொன்னார். ஒரு நாள் பட்டறைக்கு வந்த காசு வியாபாரி ஒருவர் லென்ஸைக் கையில் கொடுத்து ஒரு காசைக் காட்டியிருக்கிறார். மறுநாளிலிருந்து இவர் கையால் எந்தக் காசும் நெருப்புக்குப் போகவில்லை.

அவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. நாள் கூலிதான் வாங்குவார். சதவீதம் கிடையாது. பட்டியல் போட்ட வீட்டில் ஒற்றைக் காசுகூட விலைக்கு வாங்க மாட்டார். "எடை போடறவனே வாங்கறவனாவும் இருந்தா தராசு நேரா நிக்காது" என்றார். குடும்பத்தார் முதலில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டிய விஷயம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். துக்க வீட்டுக்கு முதல் வாரமே வந்து, "மொத்தமா நான் எடுத்துக்கறேன், நீங்க ஏன் கஷ்டப்படறீங்க" என்று சொல்பவரிடம் பெட்டியைத் திறந்து காட்டக் கூடாது.

மரப்பெட்டியைக் கூடத்தின் நடுவில் வைத்தார்கள். உள்ளே வரிசை வரிசையாகச் சிறிய காகித உறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு எண். பெட்டியின் ஓரத்தில் மூன்று நீள நோட்டுகள். காலமானவர் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தியவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்தவை இவை.

பெரியவர் ஒரு வெள்ளைத் துணி விரித்தார். சின்ன எடைக்கருவி, பத்து மடங்கு லென்ஸ், பென்சில். பேனாவை அவர் தொடுவதில்லை, மை கசியும் என்பதால். முதல் வேலை களிம்பைப் பார்ப்பது. செம்பில் ஏறும் களிம்பு இரண்டு வகை என்று காட்டினார். ஒன்று கரும்பச்சையாக, வழவழவென்று, காசோடு ஒன்றிப்போனது. பல நூற்றாண்டுகளில் படிந்த அந்தத் தோல்தான் காசைக் காப்பாற்றுகிறது. எழுத்தும் அதில்தான் நிற்கிறது. இன்னொன்று வெளிறிய பச்சை, மாவு மாதிரி உதிர்வது. அது காசைத் தின்கிற நோய். அந்தக் காசுகளைப் பிரித்து வேறு டப்பாவில் போட்டார். மெல்லிய பிளாஸ்டிக் உறையில் இருந்த நான்கைந்தில் பிசுபிசுவென்று பச்சைப் பசை ஒட்டியிருந்தது. அவற்றையும் எடுத்துக் காகித உறைக்கு மாற்றினார்.

பிறகு புளி போட்ட காசு ஒன்றையும், போடாத காசு ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லென்ஸை என்னிடம் கொடுத்தார். இரண்டும் சேரர் செப்புக் காசுகள். போடாததில் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விட்டதும் யானையின் முதுகு எழுந்தது, பிறகு துதிக்கை, தந்தம். புரட்டினால் வில்லும் அம்பும். யானையின் கால், ஒரு ரோமம் அளவுக்கு மெல்லிய கோடாகத் தெரிந்தது. விளக்கியதில் யானை இருந்த இடத்தில் ஒரு மேடு மட்டும் இருந்தது. செம்பு நிறத்தில் பளிச்சென்ற மேடு. புளியின் அமிலம் தோலோடு கோட்டையும் கொண்டுபோயிருந்தது.

கரூர்க் காசு என்பது சும்மா இல்லை. மாக்கோதை, குட்டுவன் கோதை என்று சேர மன்னர் பெயரைத் தமிழி எழுத்தில் தாங்கிய வெள்ளிக் காசுகள் கிடைத்த ஊர் இது. அமராவதி ஆற்று மணலிலிருந்துதான் சேரர் காசும் ரோமானியர் காசும் ஏராளமாக வெளியே வந்தன. 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, குதிரை உருவத்தோடு 'பெருவழுதி' என்ற பெயர் பொறித்த பாண்டியர் காசை 1980களில் வெளிக்கொண்டு வந்தபோது, சங்க இலக்கியத்து மன்னர் பெயர் உலோகத்தில் கைக்குக் கிடைத்தது. அந்தக் காசு புளித் தண்ணீருக்குள் போயிருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

இரண்டாம் நாள் வெள்ளிக் காசுகள். பிரிட்டிஷ் காலத்து ரூபாய்கள் நிறைய. 1939 வரை அடித்தவை ஒவ்வொன்றும் 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. பெரும்பாலான வீடுகளில் இவை நேராக நகைக்கடைத் தராசுக்குப் போகின்றன. ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் 1938 எளிதாகக் கிடைக்கும், 1939 கிடைப்பது அரிது. உறையில் 1939 என்று இருந்ததும் மருமகன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். பெரியவர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு நோட்டைப் புரட்டினார். வாத்தியார் கையெழுத்தில் இருந்தது: 'போலி. எட்டை ஒன்பதாகத் திருத்தியது. தெரிந்தே வாங்கினேன், மாணவர்களுக்குக் காட்ட.' எழுதி வைக்காமல் போயிருந்தால், இந்த ஒரு காசுக்காக வாத்தியாரின் மகளும் மகனும் பேசாமல் போயிருக்கக்கூடும். பொன்னில் இருந்தது ஒன்றே ஒன்று, வீரராயன் பணம். கைக்குழந்தையின் விரல் நகம் அளவுதான். கிராமில் மூன்றில் ஒரு பங்கு எடை. பெருக்கும்போது குப்பையோடு போனாலும் தெரியாது.

அமெரிக்காவிலிருந்து மகன் வீடியோவில் வந்தார். "எனக்கு அப்பா ஞாபகமா ஒரு பத்து காசு எடுத்து வைங்க ஐயா, அடுத்த தடவை வரும்போது எடுத்துட்டுப் போறேன்." நியாயமான ஆசைதான். ஆனால் நூறு வயது தாண்டிய காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியாள் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. பெரியவர் பொறுமையாகச் சொன்னார். "உங்க பேருக்கு எழுதிக்கலாம் தம்பி. காசு இங்கதான் இருக்கும்." மகன் சிறிது நேரம் பேசவில்லை. அப்பா இதை உயிரோடு இருக்கும்போதே சொல்லியிருந்தால் அந்த மௌனம் இருந்திருக்காது.

உண்மையான இடி நோட்டில் இருந்தது. முதல் நோட்டு முழுசு. எண், எடை, வாங்கிய தேதி, யாரிடம், எவ்வளவுக்கு, எங்கே கிடைத்தது என்று மணிமணியான எழுத்து. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது நோட்டில் பதினொரு பக்கம் வரை ஓடி, எழுத்து பெரிதாகி, வரி சாய்ந்து, நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒன்பது வருடத்து உறைகளில் எண் மட்டும்.

"சக்கரைல கண்ணு மங்கிருச்சுங்க. அப்புறம் எழுதறத வுட்டுட்டாரு. எல்லாம் மனசுல இருக்குதும்பாரு" என்றார் அம்மா. மகள் அதுவரை ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். "என்கிட்ட சொல்லியிருந்தா நான் எழுதியிருப்பனே. பக்கத்துத் தெருவுலதான இருக்கறேன்" என்றவர் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

அப்போது எனக்கு வால்டர் எலியட் நினைவுக்கு வந்தார். சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்து, தென்னிந்தியக் காசுகளைத் தேடிச் சேர்த்தவர். முதுமையில் அவருக்கும் கண் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. அவர் பிறரைப் படிக்கச் சொல்லிக் கேட்டார், சொல்லச் சொல்ல எழுத வைத்தார். தென்னிந்திய நாணயங்கள் பற்றிய அவர் நூல் 1886இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு மார்ச் 1ஆம் தேதி இறந்தார். அன்று காலையிலும் ஜி.யு. போப்புக்கு ஒரு கடிதம் சொல்லி எழுதவைத்துத் தன் கையால் ஒப்பமிட்டிருக்கிறார். அவர் சேர்த்த காசுகள் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நம் மண்ணில் இருந்திருக்க வேண்டியவை என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஆனாலும் எந்தக் காசு எது என்ற அறிவு அவரோடு மறையவில்லை. அவருக்கு முன்னால், கிழக்கிந்தியக் கம்பெனியின் நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சி 1821இல் இறந்தபோது, ஓலைச்சுவடிகளோடு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட காசுகளும் மிஞ்சின. கம்பெனி அவர் மனைவியிடமிருந்து ஒரு லட்ச ரூபாய்க்கு மொத்தமாக வாங்கியது. கூடவே இருந்து உழைத்த காவலி லட்சுமய்யா அந்தப் பணியைத் தொடர ஆசைப்பட்டார். பொறுப்பு அவர் கைக்கு வரவில்லை. பெட்டியை யாருக்கு என்று நினைக்கிறவர்கள், படிப்பதை யாருக்கு என்பதை மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாம் நாள் அம்மா ஒரு யோசனை சொன்னார். ஆற்றில் மண் அரிக்கும் ஒரு பாட்டி வாத்தியாருக்குக் காசு கொண்டுவந்து கொடுப்பாராம். ஆள் விட்டு அழைத்தார்கள். எழுபது வயதிருக்கும். கோடையில் ஆறு வற்றியதும் மணலைத் தட்டில் அள்ளி, தண்ணீரில் சுழற்றி, பொன் துகளும் காசும் தேடுகிற பரம்பரை. முழங்கை வரை தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. துணியின் ஓரத்தில் உட்கார்ந்து உறைகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார். லென்ஸ் வேண்டாம் என்றுவிட்டார். கட்டைவிரலால் தடவினார்.

"இது திருமாநிலையூர் பாலத்துக்குக் கீழ எடுத்தது சாமி. ஆடிப் பெருக்கு வந்து வடிஞ்ச வருசம். இது எம் மருமவ எடுத்தது. இது எங்களுது இல்ல, வேற யாரோ கொடுத்தது." பெரியவர் எழுதிக்கொண்டே போனார். "மத்தவங்க வெலைய மட்டும் கேப்பாங்க. வாத்தியார்தான் எங்க எடுத்தே, எவ்வளவு ஆழத்துலன்னு கேப்பாரு" என்றார் பாட்டி. கடைசி உறையைக் கொடுத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எங்கே கிடைத்தது என்பதை எழுதுவதில் சட்டமும் இருக்கிறது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. மண்ணில் புதைந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். காசு எப்படி வந்தது என்று சொல்லக் கணக்கு இல்லாத குடும்பம், நாளை விற்கப் போனாலும் கொடுக்கப் போனாலும் கேள்விக்கு நிற்க வேண்டும். ரசீது, தேதி, ஆள் பெயர் மூன்றும் குடும்பத்துக்குக் கவசம்.

மாலையில் மூன்று குவியல். வீட்டில் வைத்துக்கொள்வது, விற்பது, கொடுப்பது. நோட்டில் பதிவான சேரர் காசுகளைக் கரூரிலேயே தொல்லியல் துறை அருங்காட்சியகத்தில் கேட்டுப் பார்த்துக் கொடுப்பது என்று அம்மா முடிவு செய்தார். "ஊர்க் காசு ஊருலயே இருக்கட்டுங்க" என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை.

காசு சேர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உயில் எழுத முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, அவர்களும் போட்டால் செல்லும். பதிவு செய்வது நல்லது, கட்டாயம் இல்லை. எந்தக் குவியல் யாருக்கு, யாரிடம் விலை கேட்க வேண்டும், யாரிடம் விற்கக் கூடாது என்பதை அதில் சொல்லிவிடுங்கள். அதற்கு முன்னால் நோட்டை முடியுங்கள். கண் தெரியவில்லை என்றால் மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லுங்கள். புளி போடாதே என்பதை முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

கரூர் வாத்தியாரின் மூன்றாவது நோட்டில் இப்போது அவர் மகளின் கையெழுத்து ஓடுகிறது. பாட்டி அடையாளம் சொன்ன காசுகளுக்கு மட்டும். மற்ற உறைகளில் எண்ணும் எடையும்தான் இருக்கின்றன.