இரண்டு கேமராக்களும் ஒரு பச்சையும்

ஆய்வேட்டின் மூன்றாம் இயலிலிருந்து சென்ற வாரம் ஒரு பத்தியை நீக்கினேன். ஓராண்டுக்கும் மேலாக நான் பெருமையோடு காத்துவந்த பத்தி அது. அது ஏன் பிழையாயிற்று என்பதை, களப்பணிக்குப் புறப்படவிருக்கும் நண்பர்களுக்காக இங்கே பதிவு செய்கிறேன்.

தெலுங்கு நெசவாளர்களின் நிறப்பெயர்கள் என் ஆய்வுப்பொருள். தெலங்கானாவின் போச்சம்பள்ளியில், நூலைக் கட்டிச் சாயம் தோய்த்து நெய்யும் இக்கத் குடும்பங்களிடம் தரவு திரட்டினேன். தமிழின் ‘பச்சை’யும் தெலுங்கின் ‘பச்ச’வும் இனச்சொற்கள். ஆயினும் பொருளெல்லை வேறு. ‘பச்ச’ மஞ்சளையும் குறிக்கும். மஞ்சள் காமாலைக்கு அங்கே ‘பச்ச காமெர்லு’ என்று பெயர். இலையின் நிறத்தை ஐயமறச் சுட்ட வேண்டுமெனில் ‘ஆகுபச்ச’ என்பர். இது நமக்கும் முற்றிலும் அயலன்று. ‘பசும்பொன்’ என்றும் ‘பசலை’ என்றும் சொன்னவர்கள்தாமே நாம். அடிப்படை நிறப்பெயர்களைப் பற்றி பெர்லினும் கேயும் 1969-இல் எழுதிய நூலுக்குப் பிறகு, ஒரு நிறம் எங்கே முடிந்து மற்றொன்று எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி மொழியியலில் ஓயவில்லை. என் இயலும் அந்த எல்லையைப் பற்றியதே.

களத்தில் என்னிடம் இரண்டு கேமராக்கள் இருந்தன: துறையிலிருந்து வாங்கிச் சென்ற நிக்கான், என்னுடைய சோனி. வீட்டு முற்றத்தில் முன்னதையும், தறி இருந்த அறையில் பின்னதையும் பயன்படுத்தினேன். விடுதிக்குத் திரும்பி, படங்களையெல்லாம் ஒரே தொகுப்பில் சேர்த்தபோது முதலில் தென்பட்ட குறை, நேரம். நிக்கானின் கடிகாரம் ஜப்பான் நேரத்தில் இருந்தது. எக்ஸிஃப்டூல் கொண்டு அதன் கோப்புகள் அனைத்திலும் 3 மணி 30 நிமிடத்தைக் கழித்ததும், படங்கள் ஒலிப்பதிவோடு வரிசையாகப் பொருந்தின. அந்த நிறைவிலேயே அடுத்த தவற்றைச் செய்தேன். முற்றத்துப் படம் ஒன்றைத் திருத்தி, அதன் ஒயிட் பேலன்ஸ் எண்களை இரு கேமராக்களின் படங்கள் அனைத்திலும் ஒட்டினேன். எண் ஒன்றானால் நிறமும் ஒன்றாகும் என்பது என் கணக்கு.

முற்றத்தில் எடுத்த ஒரு நூல் சிட்டமும் அறையில் எடுத்த ஒரு சிட்டமும் திரையில் ஒரே இளம்பச்சையாகத் தெரிந்தன. ஒலிப்பதிவிலோ, பெரியவர் முன்னதை ‘ஆகுபச்ச’ என்றும் பின்னதைப் ‘பச்ச’ என்றும் சொல்கிறார். ஒரே நூலுக்கு ஒரே மனிதர் இரு பெயர் தருகிறார். முதுமையில் நிற எல்லை குழைந்துவிட்டது என்று எழுதினேன்.

நெறியாளர் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “இரண்டும் ஒரே நூல் என்று உங்களுக்கு யார் சொன்னது?” படம் சொன்னது என்பதைத் தவிர என்னிடம் விடை இல்லை.

ரா கோப்பில் இருப்பது நிறமன்று. உணரியின் மீது விழுந்த ஒளியின் அளவுகள். ஒவ்வொரு கேமராவின் உணரியும் தனக்குரிய வடிகட்டிகளின் வழியே ஒளியைத் தன் போக்கில் பகுக்கிறது. அந்த அளவுகளை, அந்தந்தக் கேமராவுக்கென வகுத்த ப்ரொஃபைலைக் கொண்டு நிறமாகப் பெயர்ப்பது மென்பொருள். ஆகவே ஒவ்வொன்றையும் முதலில் தனித்தனியே நடுநிலைக்குக் கொண்டுவர வேண்டும். பொதுத் திருத்தம் அதற்குப் பிறகுதான். போதாதற்கு, அறையில் எரிந்தது குழல்விளக்கு. அதன் பச்சைச் சாயலை வெயிலுக்குரிய எண்கள் போக்கவில்லை. மஞ்சள் நூல் இளம்பச்சையாயிற்று.

நல்வாய்ப்பாக இரு படங்களின் ஓரத்திலும் சாயமேற்றாத வெள்ளை நூல் கிடந்தது. அதை ஆதாரமாகக் கொண்டு இரண்டையும் தனித்தனியே திருத்தினேன். ஒன்று கிளிப்பச்சை, மற்றொன்று மஞ்சட்கிழங்கின் நிறம். உறுதிசெய்வதற்காக, 24 நிறக்கட்டங்கள் கொண்ட அட்டையோடு மறுபடியும் போச்சம்பள்ளி சென்றேன். ஒரே வாசல் வெளிச்சத்தில் இரு கேமராக்களாலும் அட்டையைப் படம் பிடித்து, டார்க்டேபிளில் தனித்தனியே அளவீடு செய்தேன். அதே சாயங்களில் தோய்த்த நூல்களுக்குப் பெரியவர் அதே இரு பெயர்களையே சொன்னார்.

பிறகு பழைய ஒலிப்பதிவை மீண்டும் கேட்டேன். தறி அறையில், பெயரைச் சொல்லும் முன் அவர் எழுந்து நடக்கும் ஓசை இருக்கிறது. “இங்கே வெளிச்சம் சரியில்லை, வாசலுக்கு வாம்மா” என்று தெலுங்கில் சொல்கிறார். நான் நூலைப் படம் பிடித்தது அறைக்குள். அவர் பெயர் சொன்னது வாசலில். அந்த வாக்கியத்தை நானே எழுதியெடுத்து, ஆய்வுக்குத் தொடர்பற்றது என்று குறித்து வைத்திருந்தேன். என் கோப்புகளின் பிழைக்கு அவருடைய வயதைக் காரணம் காட்டியதுதான் இன்னும் உறுத்துகிறது.

களத்துக்குச் செல்பவர்கள் புறப்படும் முன் கேமராக்களின் கடிகாரங்களை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். வெளிச்சம் மாறும்போதெல்லாம் சாம்பல்நிற அட்டையை ஒவ்வொரு கேமராவிலும் ஒரு படம் எடுங்கள். பெயர் சொல்பவர் எங்கே நின்று பார்த்தார் என்பதையும் மறவாமல் குறிப்பேட்டில் எழுதுங்கள்.