பொன்மலை அண்ணனுக்கு

வெளிப்பாளையம்,
நாகப்பட்டினம்,
3.9.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. வாட்ஸாப்பில் ஒரு வரி போட்டிருக்கலாமே என்றார் உங்கள் மாப்பிள்ளை. ரிட்டயர் ஆகப்போகிறவர் நிதானமாகத்தான் எழுதுவார், படியுங்கள் என்றேன். படித்துவிட்டு வீட்டு விஷயத்தை மட்டும் விசாரித்துக்கொண்டு வந்தார். மற்றதற்கு நீயே பதில் எழுது என்று என் தலையில் கட்டிவிட்டார்.

முதலில் வீடு. நம் தெருவில் மூன்றாவது வீடு விலைக்கு வந்திருப்பது உண்மைதான். ஓட்டு வீடு, முன்பக்கம் மட்டும் பிற்பாடு தளம் போட்டது. கொல்லையில் கிணறு உண்டு. வில்லங்கம் போட்டுப் பார்த்தாயிற்று, தாவா எதுவும் இல்லை. வீட்டுக்காரரின் பிள்ளைகள் இரண்டு பேரும் சிங்கப்பூரில். திரும்பி வரும் எண்ணம் அவர்களுக்கு இல்லாததால் விலையைப் பேசிக் குறைக்கலாம்.

ஆனால் நீங்கள் எழுதிய ஒரு வரியைத்தான் என்னால் விட முடியவில்லை. "எல்லாம் ஓய்ந்துபோன ஊர், கடைசிக் காலத்துக்கு அமைதியாக இருக்கும்." படித்ததும் கோபம்தான் வந்தது. ரயில்வே குவார்ட்டர்ஸில் உட்கார்ந்துகொண்டு நாகப்பட்டினத்துக்கு நீங்களெல்லாம் துக்கம் காக்கிறீர்கள். இங்கேயே இருக்கிற எங்களுக்கு அதற்கு நேரம் ஏது? சாக்கடை அடைத்துக்கொண்டால் ஆள் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

உங்கள் வீட்டுப் பக்கம் இந்த ஊர்க் கதை எப்போதும் 1928-ல்தான் ஆரம்பிக்கும், இங்கிருந்த ரயில்வே ஒர்க்‌ஷாப் திருச்சி பொன்மலைக்குப் போனதிலிருந்து. அதற்கும் அறுபது, எழுபது வருஷம் முன்னால் போங்கள். கப்பல் வந்து நிற்கிற கரை இது. அதனால்தான் கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா கம்பெனி இங்கே தொடங்கி மேற்கே ரயில் பாதை போட்டது. 1861-ல் தஞ்சாவூர் வரை, 1862-ல் திருச்சி வரை. அகலப் பாதையாகப் போட்டார்கள். பதினைந்து வருஷம்கூட ஆகவில்லை, பிடுங்கிப்போட்டு மீட்டர் கேஜ் ஆக்கினார்கள். நம் காலத்தில் அதையும் பிடுங்கி மறுபடி அகலப் பாதை. ஒரே மண்ணில் இத்தனை முறை சல்லி கொட்டியிருக்கிறார்கள்.

பாதையின் முனையில் இருப்பது முதலில் ஊருக்கு யோகமாக இருந்தது. பிறகு அதுவே வினையானது. தெற்கிலும் மேற்கிலும் கிளைகள் பெருகி எல்லாம் திருச்சியில் வந்து கூடியபோது, பழுது பார்க்க ஓர் இன்ஜினைக் கடற்கரை வரை இழுத்துக்கொண்டு வருவானேன் என்று தோன்றியிருக்கும். பொன்மலையில் நிலமும் தாராளம். 1844-ல் இங்கே ஆரம்பித்த செயின்ட் ஜோசப் கல்லூரி 1883-லேயே திருச்சிக்குப் போய்விட்டது. ஒர்க்‌ஷாப் பின்னால் போனது. இங்கிருந்து திருச்சிக்குப் போனது எதுவும் திரும்பி வந்ததாக நான் கேள்விப்படவில்லை. நீங்கள் வந்தால் நீங்கள்தான் முதல்.

உங்கள் தாத்தா பொன்மலைக்குப் போனதைப் பதவி உயர்வு மாதிரிதான் பெரியப்பா சொல்வார். மூவாயிரம் பேருக்கு மேல் ஆட்குறைப்பு என்று ரயில்வே கம்பெனி அறிவித்த காலம் அது. அதை எதிர்த்து 1928 ஜூலையில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலரைக் கைது செய்து பத்து வருஷத் தண்டனை விதித்தார்கள்; 1930-ல் வெளியே வந்தார். சட்டி பானையோடு ரயிலேறிப் போன குடும்பங்களையும் ஏற முடியாமல் நின்ற குடும்பங்களையும் சேர்த்து நினைத்தால்தான் அந்த வருஷம் புரியும். பொன்மலை சங்கத் திடலில் வருஷா வருஷம் செப்டம்பர் 5 அன்று, 1946-ல் போலீஸ் சுட்டு இறந்த ஐந்து தொழிலாளர்களுக்கும் மாலை போடுகிறீர்கள். நல்ல வழக்கம். எங்கள் தெருவில் 1928 என்றால் என்னவென்று கேட்கிற பிள்ளைகள்தான் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுடைய தாத்தாக்கள் வேறு எங்கிருந்தோ வந்தவர்கள்.

என் தாத்தா போகாததற்குக் காரணம் ஊர்ப்பாசம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அப்படியெல்லாம் இல்லை. உங்கள் தாத்தாவின் தம்பியான அவருக்குத் துறைமுகத்தில் வேலை இருந்தது, அவ்வளவுதான். வெங்காய மூட்டை எண்ணுகிற வேலை. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகிற கப்பல் கரைக்கு வராது, ஆழம் கிடையாது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். மூட்டையும் மனுஷரும் படகில்தான் போய் ஏற வேண்டும். ரஜூலா கப்பல் வந்தால் ஊரே விழித்திருக்கும் என்று அப்பா சொல்வார். அதுவும் 1973-ல் நின்றது. பிறகு வந்த எம்.வி. சிதம்பரம் 1985-ல் தீப்பிடித்ததோடு சரி. பக்கத்தில் பனங்குடியில் 1993-ல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வந்தது. அதை நிறுத்திவிட்டு ஆண்டுக்கு 90 லட்சம் டன்னுக்குப் புதிய ஆலை என்று நிலம் எடுத்திருக்கிறார்கள். 2023 அக்டோபரில் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் என்று கொடியசைத்தார்கள்; சில நாளில் நின்றது, அடுத்த வருஷம் ஆகஸ்டில் மறுபடி ஓடியது.

ஆகவே தொழில் ஒரே ஒருமுறை போய் அதோடு ஓய்ந்துவிட்ட ஊர் என்று நினைக்காதீர்கள். வரும், இருக்கும், போகும், வேறொன்று வரும். இங்கே குடியிருக்கிறவர்களுக்கு இது பழகிவிட்டது. எதையும் முழுசாக நம்புவதில்லை, எதற்காகவும் முழுசாக அழுவதும் இல்லை.

உங்களுக்கு இங்கே பழகக் கஷ்டமாக இருக்கும் என்று நான் நினைப்பதும் இதனால்தான். பொன்மலையில் பக்கத்து வீட்டுக்காரரும் எதிர் வீட்டுக்காரரும் ஒரே கேட்டில் நுழைகிறவர்கள். ஒரே நாளில் சம்பளம், ஒரே ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. புதிதாக ஒருவரைப் பார்த்தால் "எந்த ஷாப்?" என்று கேட்டுப் பேச்சை ஆரம்பித்துவிடுவீர்கள். இங்கே தெருவுக்கு அப்படி ஒரு பொதுப் பேச்சு கிடையாது. முனை வீட்டுக்காரர் ஐஸ் வியாபாரம். மீன்பிடித் தடைக்காலம் வந்தால் இரண்டு மாசம் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அடுத்த வீட்டில் கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா. 1991-ல் நாகை தனி மாவட்டம் ஆனதும் வெளியூரிலிருந்து வந்து வாடகைக்குக் குடியேறியவர்களில் ஒருவர். வந்தவர் இங்கேயே வீடு கட்டிவிட்டார். எதிரே இருக்கிற அம்மாவுக்கு மாப்பிள்ளை துபாயில். அதற்கடுத்து திருவாரூர்ப் பக்கம் நிலம் வைத்திருக்கிறவர். மேட்டூர் திறந்து கடைமடைக்குத் தண்ணீர் வருகிற வரைக்கும் அவரிடம் யாரும் பணம் கேட்கப் போக மாட்டோம். அவரவருக்கு அவரவர் பஞ்சம், அவரவர் போனஸ். சேர்ந்து கொண்டாட ஒரே சம்பள நாள் இல்லாத தெருவில், ஒருவர் வீட்டில் கையிருப்பு இல்லாத மாசம் இன்னொருவர் வீட்டில் இருக்கும். கைமாற்று எங்களிடம் சுலபம். அண்ணிக்கு இது பிடிக்கும், உங்களுக்குத்தான் சந்தேகம்.

அமைதியும் கிடையாது. வேளாங்கண்ணியில் கொடி ஏறிவிட்டது. காவி கட்டிக்கொண்டு நடந்து போகிறவர்கள் இரவெல்லாம் பாடிக்கொண்டே போகிறார்கள். அடுத்து நாகூர் கந்தூரி வரும். பஸ்ஸில் இடம் கிடைக்காது.

இனி வசதிகள். குடிக்கக் கொள்ளிடத்துத் தண்ணீர் குழாயில் வருகிறது, பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். கிணற்றுத் தண்ணீர் பாத்திரம் கழுவத்தான், உப்பு. உப்புக் காற்றைப் பற்றி உங்களிடம் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் இரும்போடு வாழ்ந்தவர். ஜன்னல் கம்பி பொரிந்து உதிரும், பிரிட்ஜின் அடித்தட்டு ஓட்டையாகும், சைக்கிள் செயின் வாராவாரம் எண்ணெய் கேட்கும். ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி இன்ஜின் செய்து அனுப்பிய ஷாப்காரருக்கு இங்கே பொழுது போகாது என்ற கவலை வேண்டாம். துரு சுரண்டவே நாள் சரியாக இருக்கும். ஒரத்தூரில் மருத்துவக் கல்லூரி 2022-ல் திறந்தார்கள். நல்லதுதான், ஆனால் ஊருக்கு வெளியே. ராத்திரி நேரத்தில் ஆட்டோவுக்குச் சொல்லிவைக்க வேண்டும். உங்கள் பாஸுக்குக் காரைக்கால் வண்டி இருக்கிறது. பேரனைப் பார்க்கத் திருச்சிக்கு அதிலேயே போய் வரலாம்.

கடலைப் பற்றி அண்ணி கேட்டிருக்கிறார்கள். மறைக்காமல் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கம் வீடு வீடாகப் போயிற்று. எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை, மனுஷர்கள்தான் வந்தார்கள், ஈர உடம்போடு, யார் பிள்ளை என்று தெரியாத பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு. அம்மா வீட்டிலிருந்த அத்தனை புடவையையும் எடுத்துக் கொடுத்தாள். அதற்கப்புறம் இந்தத் தெருவை விட்டுப் போகலாம் என்று ஒரு தடவைகூட அவள் சொன்னதில்லை. ஏன் என்று நானும் கேட்டதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது எங்கள் ஓடு பாதி பறந்தது. நீங்கள் பார்க்கிற வீட்டின் ஓடும் அப்போது மாற்றியதுதான், அதனால் மரச்சட்டம் ஓரளவு புதிது.

சரி, வாங்கலாமா என்றால் என் அபிப்பிராயம் இது. தாத்தா இருந்த ஊர் என்பதற்காக வர வேண்டாம். அவர் பார்த்த ஊரில் எதுவும் உங்களுக்கு அடையாளம் தெரியாது. நானே பழைய ஒர்க்‌ஷாப் பக்கம் வேலை இல்லாமல் போவதில்லை. எதிர்வீட்டு அம்மா, ஐஸ்காரர், குமாஸ்தா, இவர்களோடு இருக்க முடியும் என்று தோன்றினால் வாருங்கள். எனக்கும் ஒரு துணை ஆயிற்று.

பொங்கல் சமயத்தில் வந்து பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்போது வேண்டாம். தை மாசத்தில் இந்த ஊரில் எந்த வீடும் அழகாகத்தான் தெரியும். கார்த்திகையில், அடைமழை பிடித்த மூன்றாம் நாள் வாருங்கள். கொல்லையில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, எந்தச் சுவர் ஓதம் ஏறுகிறது, ஓடு எங்கே ஒழுகுகிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வாசல் படி உயரம், அண்ணியின் முழங்காலுக்கு ஆகுமா என்பதையும் ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும். அதுவரை முன்பணம் எதுவும் அனுப்பிவிடாதீர்கள். வீட்டுக்காரர் அவசரப்படுத்தினால் உங்கள் மாப்பிள்ளை பேசிக்கொள்வார்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உங்கள் அன்புத் தங்கை