‘ஆம்’ இல்லாத மொழி

பத்திரிகைத் தொழிலில் காலமெல்லாம் கேள்வி கேட்டே பிழைத்தவன் நான். ‘ஆம்’ என்ற ஒற்றைச் சொல்லுடன் நழுவிய அரசியல்வாதிகள் எத்தனையோ பேர். எதற்கு ஆம் என்றார்கள் என்பதைப் பின்னர் அவர்களே மறந்துவிடுவார்கள். அண்மையில் அயர்லாந்து மக்களின் பழைய மொழியாகிய ஐரிஷின் இலக்கணத்தைப் படித்தபோது அவர்களே நினைவுக்கு வந்தனர். அம்மொழியில் ‘ஆம்’, ‘இல்லை’ என்பவற்றுக்குத் தனிச் சொற்கள் கிடையா. கேட்கப்பட்ட வினைச்சொல்லையே திருப்பிச் சொல்லி விடையளிக்க வேண்டும்.

தமிழருக்கு இது முற்றிலும் புதிதன்று. ‘வந்தாயா?’ என்றால் ‘வந்தேன்’ என்போம். ஆயினும் எங்கள் வினாவும் மறுப்பும் வினையின் கடைசியில் வந்து ஒட்டுபவை. ஐரிஷிலோ அவை முன்னே வந்து நிற்கும். அத்துடன் ‘வரவில்லை’ என்னும் எங்கள் சொல் இன்றைக்கும் பொருந்தும், நேற்றைக்கும் பொருந்தும். ஐரிஷில் மறுப்புச் சொல்லே காலத்தையும் காட்டிவிடுகிறது.

நிகழ்காலத்தில் மறுப்புக்கு ‘நீ’, வினாவுக்கு ‘அன்’. இறந்தகாலத்தில் இவை முறையே ‘நீர்’, ‘அர்’ ஆகின்றன. கடைசியில் ஒலிக்கும் அந்த ரகரம், பழைய ஐரிஷில் நிகழ்ந்து முடிந்ததைக் குறித்த ‘ரோ’ என்ற இடைச்சொல்லின் எச்சம். ‘செய்யவில்லையா?’ என்பதுபோல் மறுத்துக் கேட்பதற்கு ‘நார்’.

இறந்தகாலத்தில் வினையின் முதலெழுத்தும் மென்மையடையும். கொல் என்பதற்கான வினை ‘மரி’. எங்கள் ‘மரி’யை அது ஒத்திருப்பது தற்செயலன்று. ‘வரி மே’ என்றால் நான் கொன்றேன். ‘அர் வரி தூ?’ என்றால் நீ கொன்றாயா? ‘நீர் வரி மே’ என்றால் நான் கொல்லவில்லை. பதினொரு ஒழுங்கற்ற வினைகளுள் ஆறு மட்டும் இவ்விதிக்கு அடங்காமல் இறந்தகாலத்திலும் ‘நீ’, ‘அன்’ என்பவற்றையே ஏற்கின்றன. ‘இருந்தது’ என்பது ‘வீ’, ‘இருக்கவில்லை’ என்பது ‘நீ ரெவ்’, ‘இருந்ததா?’ என்பது ‘அன் ரெவ்’. மாணவர் தடுமாறுவது இங்கேதான்.

கொன்றேன் என்பதற்கும் கொல்லவில்லை என்பதற்கும் இடையே ‘நீர்’ என்ற ஓரசை மட்டுமே நிற்கிறது. 1882ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அயர்லாந்தின் மேற்கேயுள்ள மாம்ட்ராஸ்னாவில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐவர் கொல்லப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்டவர்களுள் ஒருவரான மைல்ஸ் ஜோய்ஸ் ஐரிஷ் பேசுபவர். டப்ளினில் வழக்கு ஆங்கிலத்திலேயே நடைபெற்றது. தாம் குற்றமற்றவர் என்று அவர் தமது மொழியில் கூறியும் பயனில்லை. டிசம்பர் 15ஆம் திகதி கோல்வே சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவருடன் தூக்கிலிடப்பட்ட மற்ற இருவரும் அவர் நிரபராதி என்று முன்னரே வாக்குமூலம் அளித்திருந்தனர்.

எழுத்தாளர் ஜேம்ஸ் ஜோய்ஸ் 1907இல் இத்தாலியப் பத்திரிகையொன்றில் இவ்வழக்கைப் பற்றி எழுதினார். அவர் தந்த விவரங்கள் அனைத்தும் சரியானவையல்ல. ஆனால் அவர் தீட்டிய காட்சி மறக்க முடியாதது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் நீண்ட விளக்கம் தருகிறார். மொழிபெயர்ப்பாளரோ அதனை ஒரு சிறு ‘இல்லை’யாகச் சுருக்கி நீதிபதியிடம் ஒப்புவிக்கிறார். ‘இல்லை’ என்ற தனிச் சொல்லே அறியாத மொழியில் பேசிய மனிதருக்கு, அந்தச் சொல்லே வாக்குமூலமாயிற்று.

எங்கள் நாட்டிலும், 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ், தமக்குப் புரியாத சிங்களத்தில் எழுதப்பட்ட ஒப்புதல் வாக்குமூலங்களில் ஒப்பமிட வைக்கப்பட்டதாக முறையிட்ட தமிழர் பலர். ஆகவே மைல்ஸ் ஜோய்ஸின் கதையை எங்களால் தொலைதூரக் கதையாகப் படிக்க இயலாது.

2018ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அயர்லாந்து சனாதிபதி மைக்கல் ஹிக்கின்ஸ் அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். ‘நீர் வரி மே’ என்பதன் பொருள் அரச ஏட்டில் ஏறுவதற்கு 135 ஆண்டுகளுக்கு மேல் சென்றன.