திரைவழிக் கல்வியும் நூல்நிலையப் பணியும்

ஆசிரியரும் மாணாக்கரும் ஓரிடத்துக் கூடியிருந்து பயில்வதே கல்வி என நெடுங்காலமாக நம் நாட்டார் கருதி வந்தனர். அவ்வெண்ணம் பிழையன்று, ஆயினும் ஊரைவிட்டு நீங்க இயலாதார் கல்வியையே விட்டு நீங்கவேண்டும் என்பது அதன் முடிபாயின், அதனை நாம் ஒப்புதல் அரிது. நூலகத் தகவல் அறிவியலில் முதுகலைப் பட்டத்தை இணையத்தின் வாயிலாகப் பயின்று, இறுதிப் பருவத்தை எய்தியுள்ள யாம், அதனிடைக் கண்டவற்றுட் சிலவற்றை இக்கலாசாலை அன்பர்களுக்கு ஈண்டுக் கூற விழைகின்றோம்.

இந்நூல்நிலையத்திற் பணிபுரியும் எமக்கு மேற்பதவி கிட்டவேண்டுமாயின் முதுகலைப் பட்டம் இன்றியமையாதது. வீட்டிலோ தந்தையார் நோயுற்றிருக்கின்றார்; எம் ஊதியமே குடும்பத்திற்கு ஆதாரம். ஆகவே வேற்றூர் சென்று ஈராண்டு தங்கிப் படித்தல் எம்மாற் கூடாததாயிற்று. இணையவழியிற் சேர்ந்தபொழுது நண்பர் சிலர், "வீட்டிலிருந்தே பெறும் பட்டம் பட்டமாகுமோ?" என வினவினர். உரிய அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் இவ்வழியில் அளிக்கும் பட்டங்கள், நேரிற் பயின்று பெறும் பட்டங்களுக்கு ஒப்பாவன என்பது பல்கலைக்கழக மானியக் குழு 2020-ஆம் ஆண்டில் வகுத்த விதி. 2022-இல் அக்குழு அதனை மீண்டும் வலியுறுத்தியது. ஆதலின் சேர விரும்புவார் பணங் கட்டுமுன், அந்நிறுவனத்திற்கும் அப்பாடத்திற்கும் அங்கீகாரம் உண்டா எனத் தேர்ந்தறிதல் முதற்கடமை. ஆயினும் சட்டத்தில் ஒப்பாதல் வேறு, திறத்தில் ஒப்பாதல் வேறு அன்றோ? நண்பர் வினாவிற்கு முழு விடை அவ்விதியில் இல்லை.

இத்துறையின் முன்னோடியாகிய சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன் அவர்களும் ஒரு மிஷன் கலாசாலையின் மாணாக்கரே. சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிற் கணிதம் பயின்று, மாநிலக் கல்லூரியில் அதனையே கற்பித்து வந்த அவர், 1924-இல் சென்னைச் சர்வகலாசாலையின் நூலகத் தலைவராயினார். அக்கலையைக் கற்க அவர் கடல் கடந்து இலண்டன் செல்ல நேர்ந்தது. மீண்டபின், பிறர்க்கும் அது கிட்டுமாறு 1929-இல் சென்னையிலேயே பயிற்சி வகுப்புத் தொடங்கக் காரணராயினார். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள், வாசகரின் காலத்தை வீணாக்கலாகாது என்னும் கருத்தும் ஒன்று. அன்று கப்பலேறித் தேடிய கல்வி, இன்று எம் வீட்டுக் கூடத்திற்கே வருகின்றது.

வரும் கல்வி யாது? தேடுதலை அளக்க இரண்டு அளவைகள் உளவென முதற் பருவத்திற் கற்றோம். கிடைக்கவேண்டியவற்றுள் எத்துணை கிடைத்தன என்பது ஒன்று. கிடைத்தவற்றுள் வேண்டியன எத்துணை என்பது மற்றொன்று. ஒரு பொருள்பற்றி நம்மிடம் 20 நூல்கள் இருக்க, தேடிய மாணாக்கர் 40 தலைப்புகளைப் பெற்று, அவற்றுள் 10 மட்டுமே அப்பொருளனவாயின், முதலளவை பாதி, பின்னது கால். வலையை அகல வீசின் முன்னது ஏறும். பின்னது பெரும்பாலும் தாழும். இவ்விரண்டையும் ஒருங்கே காத்தலே எம் தொழில் என அன்று உணர்ந்தோம்.

தமிழ் நூல்களில் இவ்விடர் இருமடங்கு. உ. வே. சாமிநாதையரை ஒருவர் சாமிநாத ஐயர் என்பர். மற்றொருவர் சுவாமிநாதையர் என்பர். நமக்கு அவர் ஒருவரே. கணினிக்கோ ஒவ்வொரு வடிவமும் வெவ்வேறு ஆள். ஒரு வடிவைத் தலைமையாகக் கொண்டு, ஏனையவற்றை அதனோடு பிணைத்தல் வேண்டும் என்பது பட்டியற் கலையின் விதி. அதனைக் கற்ற வாரத்திலேயே எம் நூல்நிலையப் பட்டியலில் அவர் பெயரைச் சோதித்தோம். மூன்று இடங்களிற் சிதறிக் கிடந்தது. சின்னாட்களுக்குமுன் தமிழ் மாணாக்கர் ஒருவர் கிடைக்கவில்லையெனக் கைவிட்டுச் சென்ற நூல், அடுத்த அலமாரியிலேயே இருந்தது! அவரை அழைத்து அதனைக் கையிற் கொடுத்தபொழுது எய்திய மகிழ்ச்சி, அப்பருவத்து மதிப்பெண்ணினும் பெரிது.

இன்னலும் இல்லாமலில்லை. பரீட்சை வேளையில் கணினியின் காமிரா எம் முகத்தையே நோக்கியிருக்கும். இருக்கையைவிட்டு எழுதல் கூடாது. அடுத்த அறையில் தந்தையார் இருமுவார். அண்டை வீட்டு அம்மையார் அவரருகில் அமர்ந்திருக்க, யாம் விடையெழுதுவோம்; செவி மட்டும் அவ்வறையிலேயே இருக்கும். இதனினும் பெருங்குறை ஒன்றுண்டு. ஒரு நூலைக் கையிலெடுத்து, இஃது எவ்வகுப்பிற்கு உரியதென உடன்பயில்வாரோடு வாதிடும் பேறு திரையில் அரிது. எமக்கு இந்நூல்நிலையமே பயிற்சிக் கூடமாயிற்று. அவ்வாய்ப்பில்லாதார், வாரத்தில் ஓரிரு நாளேனும் அருகிலுள்ள நூலகமொன்றில் அனுமதி பெற்றுப் பணிபுரிதல் நலம். அஃதின்றிப் பெறும் பட்டம் ஏட்டளவிலேயே நின்றுவிடும் என அஞ்சுகின்றோம்.

நண்பர் வினாவிற்கு எம் விடை இதுவே: எம் பட்டம் பட்டமா என்பதைச் சர்வகலாசாலையோடு எம் மேசைமுன் வந்து நிற்கும் வாசகரும் தீர்மானித்தல் வேண்டும். ஆதலின், மாணவ நண்பர்காள், நாடிய நூல் அகப்படாதபொழுது வாளா திரும்பிச் செல்லற்க. எம்மிடம் வந்து கேளுங்கள். எவ்வாறு தேடினீர்கள் என்பதையும் உடன் கூறுங்கள். எமக்குப் பரீட்சை இன்னும் முடியவில்லை.