மலாய்க்கார மருமகள்

மலேயா ரப்பர் தோட்டத்துக்குத் தாத்தாவோடு போன தம்பி, அங்கேயே ஒரு மலாய்க்காரியைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார். எங்கள் வீட்டில் இதுதான் சரித்திரம். கொள்ளுப்பாட்டி அந்தக் கண்காணாத மருமகளைச் சாகிற வரைக்கும் திட்டித் தீர்த்தாளாம். (உள்ளூர் மருமகளுக்குக் கொஞ்சம் ஓய்வு!)

போன வருஷம் டிரங்குப் பெட்டியில் வாழைமரம் போட்ட 10 டாலர் நோட்டு அகப்பட்டது. ஆஹா, லோன் அடைந்தது என்று துள்ளினேன். யுத்தத்தின்போது ஜப்பான்காரன் அச்சடித்த நோட்டாம். 1945-லேயே செல்லாக்காசு!

"அது சித்தப்பா சட்டைப் பையில இருந்ததுடா" என்றாள் அத்தை. தாத்தா கடைசிக் காலத்தில் அவளிடம் மட்டும் சொன்னாராம்.

சயாம்-பர்மா ரயில் பாதை. 415 கிலோமீட்டர். தோட்டத்துத் தமிழர்களை ஆயிரக்கணக்கில் காட்டுக்கு ஓட்டிப்போனார்கள். 1943-ல் காலரா, கொத்துக் கொத்தாகச் சாவு. அதில் தம்பியும். செத்த வெள்ளைக்காரக் கைதிகளுக்கு காஞ்சனபுரியில் வரிசையாகக் கல்லறை இருக்கிறது. நம்மாட்களில் பெரும்பாலோருக்கு ஒரு கல்கூடக் கிடையாது.

"அப்ப அந்த மலாய்க்காரி?"

"ஏதுடா மலாய்க்காரி? பெத்தவ தாங்கமாட்டான்னு அப்பா கட்டிவிட்டது. ஆடி அமாவாசைக்கு மட்டும் ராமேஸ்வரம் ஓடிருவாரு. வீட்டுல எள்ளு இறைச்சா, யாருக்கெல்லாம்னு கிழவி எண்ணிருவாளே!"