பந்து பொறுக்கியவள்

சனத்நகரில் எங்கள் வீட்டு வாசலில் மாலைதோறும் பையன்கள் கிரிக்கெட் ஆடுவர். என் மகளுக்குப் பந்து பொறுக்கும் உத்தியோகம். அதை நான் இயல்பென்றே எண்ணியிருந்தேன்.

2017-ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்கு முன் ஒரு நிருபர், செகந்திராபாத்தில் வளர்ந்த நம் தமிழ்ப் பெண் மிதாலி ராஜிடம், பிடித்தமான ஆண் ஆட்டக்காரர் யாரென வினவினார். ஆடவரிடம் இதையே மாற்றிக் கேட்பதுண்டோ என்று அவர் திருப்பிக் கேட்டார். 1999-இல் தமது முதல் ஒருநாள் ஆட்டத்திலேயே ஆட்டமிழக்காமல் 114 ஓட்டங்கள் குவித்தவரிடம் கேட்கத்தக்க கேள்வியா அது!

செய்தியை உரக்கப் படித்த மகள் என்னை ஏறிட்டு நோக்கினாள். நான் பத்திரிகையை மடித்து வைத்தேன்.

லார்ட்ஸ் இறுதியாட்டத்தில் 9 ஓட்டங்களில் தோற்றபோது மகன் விம்மினான். "ஆண்பிள்ளை அழலாமா?" என்று நாநுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

மறுநாள் மாலை மட்டை அவள் கையில். சாக்கடையோரம் பந்து தேடிக்கொண்டிருந்தவன் அவன்.